நாடாவை அறுத்துவிட்டு லேபிள் ஒட்டு

ராயபுரத்துத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எட்டடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட மாபெரும் சாம்ராஜ்ஜியத்தின் சக்கரவர்த்தியும், ஏழு கடல் கப்பல்களும் கழித்துப் போட்ட தட்டு, கம்பளி, கயிறு, கட்டில் அனைத்துக்கும் கடைசிப் புகலிடமுமாகிய உன் நைனா, பெரம்பூரில் தனிக்கொடி ஏற்றப்போகும் தன் ஏக வாரிசுக்கு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முட்டிவலியும் ஒருவருக்கொருவர் துணை. நீ கேட்டனுப்பிய லேபிள் மெஷினை இந்த ஆட்டோவிலேயே ஏற்றியிருக்கிறேன். பட்டத்து யானையை அனுப்பும்போது கூட எந்த ராஜாவும் இவ்வளவு கயிறு கட்டியிருக்க மாட்டான். கயிற்றுக்கு நடுவே செருகியிருக்கும் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகுதான் மெஷினுக்கு கரண்ட் கொடுக்க வேண்டும். இது அரச கட்டளை. உன் வீட்டுக்காரரும் படிக்கலாம், பக்கத்துக் கடைக்காரரும் படிக்கலாம், ஒளிவு மறைவு வேண்டாம்.

கடை திறக்கிற அன்று முதல் போணி யார் கையால் என்று நீ கேட்டபோது, தேசம்மாக்கா கையால் என்று சொன்னேன். பொங்கல் தவறாமல் வஞ்சிரம் கொண்டுவந்து போடும் காசிமேட்டு அக்கா, உனக்கும் சந்தோஷம். அழைக்கப் போனேன். கூடைக்கு முன்னால் உட்கார்ந்து மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "உம் பொண்ணுக்கு உண்மையச் சொல்லிட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நானு மலர்கிட்ட போன வாரமே சொல்லிட்டேன். மூஞ்சியத் தூக்கி வச்சிகினு ரெண்டு நாளா எங்கூட பேசல. பேசாட்டி போவுது. நீயும் சொல்லிடு. சொன்னா போணிக்கு வரேன். இல்லாங்காட்டி வேற எவளையாச்சும் இட்டுகினு போ." மலர் அவளுடைய மகள். எந்த உண்மை என்று நீ கேட்பாய். நம் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நீ சொல்லிச் சிரிக்கிறாயே, என் நைனா நகர்ந்துபோன மீன்பிடி லாஞ்சின் மேல் பாய்ந்து, பத்துப் பேரைத் தள்ளி, லைஃப் ஜாக்கெட்டைப் பிடுங்கிக் கடலில் எறிந்தார், அதை ஒரு சுறா கவ்விக்கொண்டு போனது என்று, அந்தக் கதையின் உண்மை.

மெஷின் வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். பாரிமுனையில் ஒரு பெரிய கடையை மூடியபோது தட்டுமுட்டோடு தட்டுமுட்டாக அதை வாங்கினேன். பழைய சாமான் கடைக்குப் பழைய மெஷின், குலத்துக்கேற்ற சம்பந்தம். விற்றவன் சொன்னான்: "சார், இதுக்கு மை வேணாம், ரிப்பன் வேணாம். சூடு பட்டா பேப்பரே எழுத்தா மாறும்." நான் அன்றிரவு தூங்கவில்லை. மையில்லாமல் எழுதுகிற மெஷின் ராயபுரத்தில் இறங்கிய செய்தியை மறுநாள் டீக்கடை முதல் தண்ணீர் லாரி வரை அறிவித்தேன். நீ அப்போது கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாய். நாள் முழுக்க மல்லாடி அதற்குள் தமிழ் எழுத்தை நுழைத்தாய். முதல் லேபிளில் என் பேரை அடித்து, கீழே 'விலை: பேசித் தீர்மானிக்கலாம்' என்று போட்டு என் சட்டையில் ஒட்டினாய். அந்த வாரம் முழுக்க நம் கடையில் லேபிள் இல்லாத பொருள் நம் கடைப் பூனை மட்டும்தான். அதையும் துரத்தினோம், சிக்கவில்லை.

அதுவரை நம் தொழிலில் எழுத்துக்கு வேலை குறைவு. கப்பலில் கழித்துக் கட்டும் லைஃப் ஜாக்கெட்டில் இரண்டு சாதி. ஒன்று உள்ளே ரப்பர் நுரை வைத்தது. அழுத்திப் பார்த்து, தொட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்து, நன்றாக இருந்தால் கடைக்குள்ளே அலமாரியில் வைப்போம். இன்னொன்று அரதப் பழசு, உள்ளே இலவம்பஞ்சு. பஞ்சைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பை கிழியாதவரை மிதக்கும். கிழிந்துவிட்டால் தண்ணீரைக் குடித்துக் குடித்து அம்மிக்கல்லாகும். மேலே பார்த்தால் அதே ஆரஞ்சு ரெக்ஸின் உறை, புதுமாப்பிள்ளை மாதிரி பளபளப்பு. அதைத் தலையணைப் பஞ்சுக்குத்தான் விற்போம். வாங்கி வந்த உடனே முதல் வேலை, கட்டுகிற நாடாக்களைப் பிளேடால் அறுத்துவிடுவது. நாடா இல்லாததை யாரும் மாட்டிக்கொள்ள முடியாது. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும், இருட்டிலும் புரியும். இந்தத் தொழிலில் எல்லாக் கடைக்காரனும் இதைத்தான் செய்தான்.

மெஷின் வந்த பிறகு எனக்கு நாடா அறுக்க மனசு வரவில்லை. நாடாவோடு வாசல் கம்பியில் மாட்டினால் கப்பற்படையே அணிவகுத்து நிற்பது போல் இருந்தது. ஷூட்டிங்காரர்கள் வாடகைக்குக் கேட்டார்கள். எழுத்துதான் இருக்கிறதே என்று நினைத்தேன். 'தலையணைக்கு மட்டும். கடலுக்கு ஆகாது' என்று நீ கொட்டை எழுத்தில் அடித்துக் கொடுத்தாய். நான் ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒட்டி, வெயில் நேராக விழுகிற கம்பியில் தொங்கவிட்டேன். சூட்டில் பிறந்த எழுத்து வெயிலில் வெளுக்கும், ரெக்ஸினின் பிசுக்கு பட்டால் அடியிலிருந்தும் கரையும் என்று விற்றவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரிப்பன் போட்டு அடிக்கிற மெஷினில் எழுத்து நிற்குமாம். ரிப்பன் வேண்டாம் என்பதைத்தானே நான் ஊர் முழுக்கத் தண்டோரா போட்டேன்!

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. ஐப்பசி, மழை வருமா வராதா என்று வானம் முறைத்துக்கொண்டிருந்த மதியம். ஹார்பரில் சரக்கு பார்த்துவிட்டு வந்த நான் கம்பியில் ஒரு கொக்கி காலியாக இருப்பதைப் பார்த்தேன். "இன்னாமா, தலகாணி ஒண்ணு போணியாச்சா?" என்று கேட்டேன். நீ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாய். "தலகாணி இல்ல நைனா, லைஃப் ஜாக்கெட்டு. புது மாப்பிள்ள ஒருத்தரு வந்தாரு. கல்யாணத்துக்கு அப்பால மொத தபா கடலுக்குப் போறாராம். மாமியார்க்காரம்மா துட்டு குடுத்து வாங்கிக்கச் சொன்னாங்களாம். தலகாணின்னு எழுத்து இல்ல, லேபிளு வெள்ளையா இருந்துது. நல்ல சரக்குன்னு நான்தான் புதுசா அடிச்சு ஒட்டிக் குடுத்தேன்." நான் மற்ற கொக்கிகளைப் பார்த்தேன். எல்லா லேபிளும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெள்ளை. ஓர் எழுத்து இல்லை. அலமாரியில் இருக்கும் நல்ல சரக்குக்கு அடிக்கிற லேபிளை அடித்து நீ அந்தப் பஞ்சு மூட்டைக்கு ஒட்டியிருந்தாய். நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே உனக்குப் புரிந்துவிட்டது. "நைனா, அது..." என்றாய். "எப்ப போறானாம்?" "இன்னிக்கேதான். இப்பவேதான்."

இனி நீ கேட்டிராத பகுதி. மொபெட்டைக் கிளப்பினேன். நான் சொல்லும் கதையில் அது குதிரை மாதிரி பறக்கும். நிஜத்தில் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் வரை மலைப்பாம்பு மாதிரி படுத்திருந்தன. உள்ளே நுழைந்தவனால் வெளியே வர முடியவில்லை. ஒரு லாரி டிரைவர் அடுப்பு பற்றவைத்துச் சோறாக்கிக்கொண்டிருந்தான். "வழி வுடுப்பா, உசுரு போற சமாச்சாரம்" என்று கத்தினேன். "எல்லாருக்கும் அதான் பெருசு, நீ மட்டும் இன்னா ஸ்பெசலு?" என்றான். மொபெட்டை அங்கேயே சாய்த்துவிட்டு லாரிச் சக்கரங்களுக்கு நடுவே புகுந்து ஓடினேன். முட்டி அன்றைக்குப் பிசகியதுதான். சுறாவோடு கட்டிப் புரண்டதில் என்று உன்னிடம் சொன்னேன். ஒரு டிரெய்லரின் இரும்புக் கொக்கிதான் அந்தச் சுறா.

காசிமேட்டில் போய் நின்றபோது லாஞ்சின் முதுகுதான் தெரிந்தது. அலைதடுப்புக் கல்லைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஓர் ஆரஞ்சுப் பொட்டு. நான் பாயவில்லை, நீந்தவில்லை. கையை ஆட்டிக் கத்தினேன். நூறு என்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமையோடு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் எதிர்லயே போட்டுகினு தாம்மா ஏறிச்சு மாப்ள. 'இன்னா அத்தே, எல்லாரும் சிரிக்கிறாங்க'ன்னுச்சு. சிரிச்சா சிரிக்கட்டும், நீ போட்டுகினு போன்னேன்." அவள்தான் தேசம்மாக்கா. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அவள் மாப்பிள்ளை ஏழுமலையிடம் கேட்ட ஒரே வாக்கு அந்த ஜாக்கெட்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. கேட்டு முடித்ததும், "அது மெதக்காதா?" என்றாள். இல்லை என்றேன். "போட்டுகினு வுழுந்தா?" என்றாள். கூடையை எடுத்து என் மேல் அடித்தாள். அடித்த அடியில் ஐஸ் கட்டியும் காரப்பொடி மீனும் என் தலையில் அபிஷேகமாயின. அடித்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு புறப்படத் தயாராக இருந்த இன்னொரு லாஞ்சிடம் ஓடினாள். ஏழுமலை போன லாஞ்சில் வயர்லெஸ் பழுது. "கண்ணுல பட்டா சொல்றேன்கா," என்றான் அந்த டிரைவர். "ஆனா கடலு இன்னா உங்க தெருவா, எதிர எதிர பாத்துக்க?" அதுவும் போய்விட்டது.

கடைக்குத் திரும்பினால் நீ தரையில் உட்கார்ந்திருந்தாய். மடியில் லேபிள் ரோல் முழுக்க அவிழ்ந்து கிடந்தது. "நைனா, நான் ஒரு ஆள கொன்னுட்டேனா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தச் சக்கரவர்த்தியும் உண்மை பேசியிருக்க மாட்டான். "கெடச்சிடுச்சு கண்ணு. லாஞ்ச் மேல ஏறிப் புடுங்கி, கடல்ல வீசிட்டு வந்தேன்" என்றேன். நீ நம்பவில்லை, தலையெல்லாம் மீன் செதிலோடு நின்ற என்னைப் பார்த்த பிறகு நம்பினாய். ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்ததால் பத்துப் பேரைத் தள்ளியதைச் சேர்த்தேன். மறுநாள் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். அன்று நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததால் சுறாவைச் சேர்த்தேன். கேட்டுச் சிரித்தாய். என் வாழ்க்கையில் நான் விட்ட எந்தப் புளுகுக்கும் அவ்வளவு பயம் உள்ளே இருந்ததில்லை.

அந்த மழை நாட்களில் நான் டீ குடிக்கப் போகிறேன் என்று போனதெல்லாம் காசிமேட்டுக்குத்தான். ஏலக்கூடத்தின் ஓரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே தேசம்மாக்கா உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் என்னைப் பார்த்ததும் காறித் துப்பினாள். அடுத்த நாள், "உம் மூஞ்சில ஒட்டணும்யா லேபிளு, மனுசனுக்கு ஆகாதுன்னு" என்றாள். அதற்கடுத்த நாள் தார்ப்பாயில் கொஞ்சம் இடம் விட்டாள். கடலைப் பார்த்தபடி இருந்தோம். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிப்போய், லாஞ்ச் வந்தாலும் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாத மாதிரி இருந்தது. மற்ற லாஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தப்பி வந்து சேர்ந்தன. சேதி சொல்லச் சொன்ன லாஞ்சும் வந்தது. "பாக்கலக்கா" என்றான் அந்த டிரைவர்.

அப்போதுதான் மலர் அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை. உன் வயசுதான் இருக்கும். "யாரும்மா இவரு?" என்றாள். தேசம்மாக்கா என்னைப் பார்க்காமல், "ஐஸ் கம்பெனி ஆளு" என்றாள். மலர் எனக்கும் ஒரு பிடி சோறு வைத்தாள். "அம்மா சொம்மா பேஜார் பண்ணிகினு உக்காந்துகீது மாமா. எனக்கு பயமே இல்ல. எங்க வூட்டுக்காரு லைஃப் ஜாக்கெட்டு போட்டுகினு போயிருக்காரு. கடல்ல வுழுந்தாலும் கார்க்கு மாதிரி மேல வந்துடுவாரு." அந்தச் சோறு என் தொண்டையில் இன்னும் இருக்கிறது மகளே. தேசம்மாக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நான் வீட்டில் உன்னிடம் சுறாக் கதை சொன்னேன். அவள் அங்கே பெண்ணிடம் ஐஸ் கம்பெனிக் கதை சொன்னாள். இரண்டு பெண்களும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் அந்த லாஞ்ச் வந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, வலை போன இடம் தெரியாமல், இன்னொரு லாஞ்ச் கயிறு கட்டி இழுக்க வந்தது. மேல்தளத்தில் நின்றவர்களைப் பார்த்தோம். ஆரஞ்சு நிறம் எங்கேயும் இல்லை. இன்னொரு தடவை பார்த்தோம். தேசம்மாக்கா என் கையைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. மலர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். லாஞ்ச் கரையில் முட்டிய பிறகு ஐஸ் அறைக்குள்ளிருந்து ஒருவன் குனிந்து வெளியே வந்தான். கையில் கட்டு, தாடி, கண் இரண்டும் சிவப்பு. ஏழுமலை.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சுறாவும் சேர்க்கவில்லை. "மழ அடிச்சுது பாரு அத்தே, ராத்திரி பகலு தெரில. நீ வாங்கிக் குடுத்தத கயட்டவேல்ல நானு. ஆனா மழத் தண்ணியக் குடிச்சுட்டு அது கருங்கல்லு மாதிரி கனக்குது. தோளு நிக்கல. இன்னாடா கலீஜுன்னு கயட்டி ஐஸ் ரூமுல கடாசினேன். கயட்டி ஒரு பீடி புடிக்கிற நேரம் இருக்கும், அல வந்து என்னத் தூக்கி வெளிய போட்டுச்சு. வல கயித்தப் புடிச்சி ஏறினேன்." சொல்லிவிட்டு சிரித்தான். நானும் தேசம்மாக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு பீடி நேரம். கடலுக்கு முன்னால் மழை அதை நனைத்திராவிட்டால் என்று எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தது. மலர் அவன் மார்பில் ஓங்கிக் குத்தினாள். "எங்கம்மா ஆசையா வாங்கிக் குடுத்தத ஏன்யா கயட்டினே? கயட்டினதாலதான வுழுந்தே?" அவன் தலையைத் தொங்கப்போட்டுத் திட்டு வாங்கிக்கொண்டான். தேசம்மாக்கா குனிந்து அவன் கைக்கட்டை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தாள். நான் ஐஸ் கம்பெனி ஆள் மாதிரியே நின்றேன்.

இரண்டு நாள் கழித்து அவள் நம் கடைக்கு வந்தாள். அதை நீ பார்த்தாய். கனத்துத் தொங்கும் ஆரஞ்சு மூட்டை ஒன்றை மேஜையில் போட்டு, உன்னிடம் பிளேடு கேட்டாள். நீ கொடுத்தாய். "பேரு இன்னாம்மா?" என்றாள், சொன்னாய். உன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எதற்காக வந்தாள் என்று எனக்குத் தெரியும். உன்னை நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வந்தாள். கேட்கவில்லை. நாடாக்களை ஒவ்வொன்றாக அறுத்து என் கையில் திணித்தாள். பிறகு ஜாக்கெட்டின் நெஞ்சிலிருந்து லேபிளை உரித்தாள். நீ அடித்து ஒட்டிய லேபிள்தான், உப்பும் மழையும் பட்டு அதுவும் வெள்ளையாகியிருந்தது. அதை என் சட்டைப் பையின் மேல் ஒட்டி, தட்டிவிட்டுப் போனாள். நீ சிரித்தாய். "யாரு நைனா அந்தம்மா? நம்ம ஜாக்கெட்டு மாதிரியே கீது?" என்றாய். "எல்லா கப்பலும் அக்கா தங்கச்சிங்கதான்" என்றேன். அன்று சாயங்காலமே கம்பியில் தொங்கியவற்றை எல்லாம் இறக்கி நான் நாடா அறுத்தபோது, வெற்று லேபிளைச் சட்டையிலிருந்து எடுக்கக்கூட மறந்திருந்தேன்.

இப்போது உண்மை உன்னிடம் இருக்கிறது. கோபம் வந்தால் வரட்டும், மலருக்கும் வந்தது. நீ அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும்: தப்பு நடந்தால் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம், நைனா பிடித்தாரே என்று அந்தக் கதை உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. பிடிக்கவில்லை மகளே. எவனும் பிடிக்கவில்லை. மழை பிடித்தது. உன் கடையில் நீதான் முதலாளி. லாரிக்கு நடுவே ஓட எனக்கு இனி முட்டி இல்லை. மெஷினை வைத்துக்கொள், நல்ல மெஷின்தான். நிழலில் வைக்கிற தட்டுக்கும் கம்பளிக்கும் விலை அடி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பழைய லேபிளை உரித்துப் புதுசு ஒட்டு. வெள்ளையாகிப்போன லேபிளைக் கண்டால் விலைதான் அழிந்துவிட்டது என்று நினைக்காதே. அங்கே ஒரு எச்சரிக்கை இருந்திருக்கலாம் என்று நினை, விசாரிக்காமல் புதுசு அடிக்காதே. உயிர் போகிற சேதியை மட்டும் அந்த மெஷினிடம் ஒப்படைக்காதே. அதற்குப் பிளேடு இருக்கிறது.

தேசம்மாக்காவுக்கு இப்போதே ஆள் அனுப்பிவிட்டேன், சொல்லியாயிற்று என்று. வெள்ளிக்கிழமை காலையில் மலரையும் இழுத்துக்கொண்டு வந்து உன் வாசலில் நிற்பாள், பார். போணிக்கு என்ன வாங்குவாய் என்று கேட்டேன். "பஞ்சு தலகாணி" என்றாள், சிரிக்காமல். உனக்கு ஒரு பழைய பஞ்சு ஜாக்கெட்டும் ஆட்டோவில் வருகிறது. நாடாவோடுதான் அனுப்பியிருக்கிறேன். அதை நான் அறுக்கவில்லை.

அவள் எதிரிலேயே நீ அறுத்துக் கொடு.

இப்படிக்கு,
சாம்ராஜ்ஜியத்தைப் பாதி இழந்த
உன் நைனா